சமையல் மேசை அளவில் ஒரு கலை

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க ஓவிய வரலாறு பெரும்பாலும் பெரிய கித்தான்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஜாக்சன் பொல்லாக்கும் அவருடைய தலைமுறையினரும் 1940களின் பிற்பகுதியில் சுவரளவு ஓவியங்களைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, நியூயார்க் மாநகரத்தின் குவீன்ஸ் பகுதியில், ஓவியமோ சிற்பமோ முறையாகப் பயிலாத ஒருவர், இரண்டு கைகளால் தூக்கிவிடக்கூடிய மரப்பெட்டிகளுக்குள் பழைய புத்தகத் தாள்களையும் களிமண் புகைக்குழாய்களையும் சிறு மதுக்கிண்ணங்களையும் அடுக்கி, முகப்பில் கண்ணாடி பொருத்தி, கலையுலகம் அதுவரை பெயர் வைத்திராத ஒரு வடிவத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஜோசப் கார்னெல் (1903–1972) என்ற அவருடைய பெயர் இன்று 'அசெம்ப்ளேஜ்' எனப்படும் கலை வகையின் முன்னோடிகள் வரிசையில் வைத்து எண்ணப்படுகிறது. தனித்தனியே பயன்பட்டு ஓய்ந்த பொருள்களைத் திரட்டி, அவற்றின் அடையாளத்தை அழிக்காமலேயே ஒரு புதிய முப்பரிமாணப் படைப்பாகப் பொருத்தும் முறைக்கே அந்தப் பெயர் வழங்குகிறது.

கார்னெலைப் பற்றி எழுதுவோர் அவரைப் பெரும்பாலும் உலகத்தை ஒதுக்கிவிட்டு வீட்டுக்குள் அடைந்துகொண்ட ஒரு விசித்திரத் துறவியாகவே வரைகிறார்கள். இந்தச் சித்திரம் கவர்ச்சியானதுதான், ஆனால் அதன் பெரும்பகுதி பொய். பத்தாண்டுகள் கம்பளித் துணி விற்பனையாளராக மன்ஹாட்டனின் கடைகடையாக ஏறி இறங்கியவரும், மார்செல் துஷாம்ப் முதல் யாயோய் குசாமா வரை தம் காலத்துக் கலைஞர்கள் பலருடன் பழகியவரும், காட்சிக்கூட உரிமையாளர்களுடன் விடாமல் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவருமான ஒருவரைத் துறவி என்று சொல்வதற்குச் சொல்லின் பொருளை வெகுவாக வளைக்க வேண்டியிருக்கும். அவருடைய வாழ்க்கையில் உண்மையாகவே விளக்கம் தேவைப்படுவது வேறொன்று: சிறிய வீடும் மலிவான பழம்பொருள்களும் அவருடைய கலைக்கு நேர்ந்த இடையூறுகளாகவோ பின்னணிக் காட்சியாகவோ இல்லாமல், அந்தக் கலையின் அளவையும் வடிவத்தையும் வேகத்தையும் எவ்வாறு தீர்மானித்தன என்பதுதான் அது.

ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள நையாக் என்ற ஊரில், 1903 டிசம்பர் 24 அன்று, ஓரளவு வசதியான குடும்பத்தில் கார்னெல் பிறந்தார். துணித் தொழிலில் இருந்த தந்தை 1917-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது குடும்பத்தின் வசதியும் அவரோடு போயிற்று. இரண்டு சகோதரிகளும், பெருமூளை வாதத்தால் நடக்க இயலாத நிலையிலிருந்த தம்பி ராபர்ட்டும், தாயும் எஞ்சிய அந்தக் குடும்பத்தில் மூத்தவரான ஜோசப், ஆண்டோவரிலுள்ள பிலிப்ஸ் அகாடமியில் படிப்பை முடிக்காமலேயே 1921-இல் வெளியேறி, கம்பளித் துணி மொத்த வியாபார நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தார். சகோதரிகள் மணமாகிப் போன பின்னரும் தாயும் தம்பியும் அவருடைய பொறுப்பிலேயே இருந்தனர். அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. 1929-இல் இந்த மூவரும் குவீன்ஸின் ஃப்ளஷிங் பகுதியில், உட்டோப்பியா பார்க்வே என்ற தெருவில், 3708 எண்ணுள்ள ஒரு சிறு மரவீட்டுக்குக் குடிவந்தார்கள். 'கற்பனைப் பொன்னுலகம்' என்று பொருள்படும் அந்தத் தெருப்பெயரை வைத்து எழுதப்பட்ட வருணனைகள் ஏராளம். வீடோ வரிசையாக நின்ற எளிய நடுத்தர வர்க்க வீடுகளில் ஒன்று என்பதற்கு மேல் எந்தச் சிறப்பும் இல்லாதது. கார்னெல் 43 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, 1972 டிசம்பர் 29 அன்று அங்கேயே இறந்தார்.

விற்பனைப் பிரதிநிதியின் வேலையில் ஓர் எதிர்பாராத வசதி இருந்தது. ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போகும் இடைவெளியும், மதிய உணவு வேளையும் அவருக்குச் சொந்தமாக இருந்தன. யூனியன் சதுக்கத்திலிருந்து தெற்கே ஆஸ்டர் பிளேஸ் வரை நான்காம் அவென்யூவில் நெருக்கமாக அமைந்திருந்த பழைய புத்தகக் கடைகள், வாசலில் வைத்த தள்ளுவண்டிகளிலும் பெட்டிகளிலும் சில்லறைக் காசுக்குப் புத்தகங்களைக் குவித்து விற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செதுக்கோவியப் பதிப்புகள், பிரெஞ்சு விளக்கப்பட நூல்கள், நட்சத்திர வரைபடங்கள், பாலே நடனக் கலைஞர்களின் அச்சுப்படங்கள், இசைநாடகக் குறிப்பேடுகள், பேடெக்கர் பயண வழிகாட்டிகள் ஆகியவற்றை அவர் அங்கே பொறுக்கியெடுத்தார். ஐந்து சென்ட், பத்து சென்ட் விலையில் வீட்டுச் சாமான்கள் விற்ற வுல்வொர்த் கடைகளும், டைம்ஸ் சதுக்கத்தில் காசு போட்டால் பந்து உருளும் விளையாட்டுப் பொறிக்கூடங்களும், பழைய திரைப்படச் சுருள்களை எடைக்குத் தள்ளிவிடும் கிடங்குகளும் அவருடைய சுற்றில் அடங்கும். இவ்வளவும் அவர் எந்தக் கலைப்படைப்பையும் செய்வதற்கு முன்னரே நடந்தது என்பது கவனிக்கத் தக்கது. பத்தாண்டுக் காலம் அவர் வெறும் சேகரிப்பாளராகவே இருந்தார். அந்தச் சேகரிப்பு எதற்கு என்று கேட்டிருந்தால் அவரிடம் விடை இருந்திருக்குமா என்பது ஐயமே.

விடை 1931-இல் கிடைத்தது. மாடிசன் அவென்யூவில் ஜூலியன் லெவி என்ற இளைஞர் திறந்த காட்சிக்கூடத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய மிகையதார்த்தவாதப் படைப்புகளைக் கார்னெல் பார்த்தார். சர்ரியலிசம் என்று பரவலாக அறியப்படும் இந்த இயக்கம், விழிப்பு நிலையின் தர்க்கத்தை விலக்கி, கனவிலும் ஆழ்மனத்திலும் பொருள்கள் கூடும் விதத்தில் அவற்றைக் கூட்டிக்காட்ட முயன்றது. அதன் கலைஞர்களில் ஒருவரான மாக்ஸ் எர்ன்ஸ்ட், பத்தொன்பதாம் நூற்றாண்டு இதழ்களின் செதுக்கோவியங்களை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, 1929-இல் ஒரு 'கொலாஜ் நாவலை' வெளியிட்டிருந்தார். கொலாஜ் என்பது துண்டுத்தாள்களை ஒட்டி உருவாக்கும் ஒட்டுச்சித்திரம். அந்தப் பக்கங்களைப் புரட்டிய கார்னெலுக்குக் கிடைத்தது புதிய பொருள் அன்று, ஏனெனில் அத்தகைய செதுக்கோவியங்கள் அவருடைய வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. தம்மிடமிருந்த குவியலே கலைக்கு உரிய மூலப்பொருள் என்ற அனுமதிதான் அவருக்குக் கிடைத்தது. அவர் செய்துகொண்டு போய்க் காட்டிய சிறு ஒட்டுச்சித்திரங்களை லெவி ஏற்றுக்கொண்டு, 1932 ஜனவரியில் நடத்திய மிகையதார்த்தவாதக் கண்காட்சியில் சேர்த்ததோடு, அதன் அறிவிப்பு அட்டையையும் அவரையே வடிவமைக்கச் செய்தார்.

ஆனால் இயக்கத்தின் முழு உறுப்பினராகக் கார்னெல் ஒருபோதும் தம்மைக் கருதவில்லை. 1936-இல் நியூயார்க்கிலுள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆல்ஃபிரட் பாருக்கு எழுதிய கடிதத்தில், மிகையதார்த்தவாதிகளின் படைப்புகள் பலவற்றை வியந்து போற்றினாலும் ஆழ்மனக் கொள்கையில் தமக்கு உடன்பாடில்லை என்றும், இந்த இயக்கத்துக்கு இன்னும் ஆரோக்கியமான சாத்தியங்கள் உண்டு என்றும் அவர் தெரிவித்தார். உடலை மருந்தின் துணையின்றி, நம்பிக்கையாலும் தெளிந்த சிந்தனையாலும் நலமாக்க முடியும் என்று போதிக்கும் கிறிஸ்தவ விஞ்ஞானம் என்ற சமயப் பிரிவில் 1920களின் நடுவில் சேர்ந்து, இறுதிவரை அதில் ஊன்றி நின்ற ஒருவருக்கு, வன்முறையும் பாலுணர்வும் கலந்த பாரிஸ் கனவுகள் ஒவ்வாமல் போனதில் வியப்பில்லை.

தாயும் தம்பியும் உறங்கிய பிறகு, சமையலறை மேசைதான் அவருடைய பணிமனை. பின்னாளில் வீட்டின் நிலவறையும் கார் கொட்டகையும் பயன்பாட்டுக்கு வந்தன என்றாலும், கார்னெலின் கலை உருவான முதல் ஆண்டுகளில் அவருக்கு வாய்த்த இடம், காலையில் மீண்டும் உணவு பரிமாற வேண்டியிருந்த அந்தப் பலகைதான். அவருடைய பெட்டிகள் ஏன் அந்த அளவில் இருக்கின்றன என்ற கேள்விக்கு அழகியல் சார்ந்த விளக்கங்கள் பல உண்டு: விக்டோரிய காலத்துப் பொம்மை அரங்குகள், பூச்சிகளைக் குத்திவைக்கும் காட்சிப்பேழைகள், கடிகாரக் கடைக் கண்ணாடிகள் ஆகியவற்றின் சாயல் அவற்றில் இருப்பது மெய்யே. அவற்றோடு, விடிவதற்குள் எடுத்து வைத்துவிட வேண்டும் என்ற எளிய கட்டாயத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். மூடி உள்ள பெட்டியைப் பாதியில் நிறுத்தி அலமாரியில் வைக்கலாம்; வாரங்கள் கழித்து எடுத்துத் தொடரலாம்; அதற்குள் தம்பி அழைத்தால் எழுந்து போகலாம். கித்தானும் எண்ணெய் வண்ணமும் அத்தகைய இடைவேளைகளை அவ்வளவு எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை.

பெட்டி செய்யும் முறை அவர் கைக்கு உடனே வந்துவிடவில்லை. தொடக்கத்தில் கடையில் வாங்கிய பேழைகளையும் மாத்திரைச் சிமிழ்களையும் அப்படியே பயன்படுத்தியவர், 1930களின் நடுவில் அண்டை வீட்டார் ஒருவரிடம் தச்சுவேலையின் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டு, மரச்சட்டங்களைக் கோணமாக அறுத்துப் பொருத்தும் திறனை அடைந்த பிறகே அவருடைய முதிர்ந்த படைப்புகள் தொடங்குகின்றன. 1936-இல் செய்யப்பட்ட 'சோப்புக் குமிழித் தொகுதி' அவற்றில் முதலாவதாக எண்ணப்படுகிறது. நடுவில் ஒரு பழைய பிரெஞ்சு நிலா வரைபடம். அதன் கீழே குழந்தைகள் குமிழி ஊதும் களிமண் குழாய். ஒரு பக்கம் கிண்ணத்தில் ஒரு முட்டை, மறுபக்கம் ஒரு பொம்மைத் தலை. மேலே நான்கு உருளைகள். ஏறத்தாழ 40 செ.மீ. உயரமுள்ள இந்தப் பெட்டி அதே ஆண்டில் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பெரிய கண்காட்சி ஒன்றில் இடம்பெற்று, 1938-இல் ஹார்ட்ஃபர்டிலுள்ள வாட்ஸ்வொர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்தால் வாங்கப்பட்டது. குழாயிலிருந்து எழும் குமிழியும் வானத்து நிலவும் ஒரே உருண்டையின் இரண்டு அளவுகள் என்ற எண்ணம் அந்தப் பெட்டியில் விளக்கமின்றியே புலப்படுகிறது, ஏனெனில் அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன் பழைய வேலையை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

பழம்பொருள் என்ற சொல்லை இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இன்று இருக்கும் 'டாலியோனியின் நகைப்பேழை' (1940) என்ற படைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பாலே நடனக் கலைஞர் மாரி டாலியோனியைப் பற்றிய ஒரு கதையைப் பற்றிக்கொண்டு எழுந்தது. 1835-இல் ரஷ்யாவின் பனிபடர்ந்த சாலையில் ஒரு கொள்ளைக்காரன் அவருடைய வண்டியை மறித்து, பனியின்மேல் விரித்த சிறுத்தைத் தோலில் நட்சத்திரங்களுக்குக் கீழே ஆடச் செய்தான் என்றும், அந்த இரவின் நினைவாக அவர் தம் நகைப்பெட்டியில் ஒரு பனிக்கட்டித் துண்டை வைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டார் என்றும் அந்தக் கதை சொல்கிறது. கார்னெல் 30 செ.மீ. அகலமுள்ள ஒரு பேழையில் வெல்வெட் துணி பதித்து, கண்ணாடிக் கட்டிகளைப் பனிக்கட்டிகள்போல் வரிசையாக அமர்த்தி, மேலே ஒரு போலி வைர அட்டிகையைத் தொங்கவிட்டார். அந்த அட்டிகை வுல்வொர்த் கடையில் வாங்கிய புத்தம்புதிய மலிவுச் சரக்கு. இங்கே நூறாண்டுப் பழமை கடைக்காரரிடமிருந்து வரவில்லை. வெல்வெட்டும் கதையும் சேர்ந்து அதைப் புதுப்பொருளின்மேல் ஏற்றின.

அவருடைய பெட்டிகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். வெள்ளைப் பூச்சைப் பல அடுக்குகளாகப் பூசி உலரவிட்டு வெடிக்கச் செய்வதும், பெட்டிகளைக் கொல்லையில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைப்பதும், சமையலறை அடுப்பின் சூட்டறைக்குள் வைத்து வாட்டுவதும் அவருடைய வழக்கமான உத்திகள். பெட்டியின் புறப்பக்கங்களில் பழைய நூல்களின் தாள்களை ஒட்டுவதும் உண்டு. ஆகவே, 'கண்டெடுத்த பொருளின் கலைஞர்' என்று அவரை அழைப்பது பாதி உண்மையே. கண்டெடுத்ததற்கு நிகராக அவர் காலத்தை உற்பத்தியும் செய்தார். வீணாகும் பொருளை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் சிக்கனக் கலைஞராக அவரை இன்றைய சுற்றுச்சூழல் உரையாடலுக்குள் இழுத்து நிறுத்துவோர், ஒரு நல்ல பெட்டியை வேண்டுமென்றே வெயிலில் காயவிட்டவரின் நோக்கத்தைத் தவறாகப் படிக்கிறார்கள்.

சேகரித்ததை ஒழுங்குபடுத்தியதுதான் அவருடைய உழைப்பின் பெரும்பகுதி. நிலவறையின் அலமாரிகளில் காலணிப் பெட்டிகளும் அட்டைப்பெட்டிகளும் நிறைந்திருந்ததையும், அவற்றின்மேல் 'ஆந்தைகள்', 'கடற்சிப்பிகள்', 'கைக்கடிகார உதிரிகள்', 'ஈயத்தாள்' என்று தூரிகையால் எழுதப்பட்டிருந்ததையும் அவருடைய இறுதிக் காலத்தில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் காட்டுகின்றன. இவை தவிர, ஒரு மனிதரையோ ஒரு கருப்பொருளையோ மையமாக வைத்து, வெட்டிய தாள்களையும் குறிப்புகளையும் கடிதங்களையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போகும் கோப்புகளும் அவரிடம் நூற்றுக்கு மேல் இருந்தன. 'டாசியர்' என்று அவர் அழைத்த இந்தக் கோப்புகளில் சில ஒருபோதும் பெட்டியாக மாறவேயில்லை. 1942 முதல் துஷாம்பின் 'கைப்பெட்டி அருங்காட்சியகம்' என்ற படைப்பின் பிரதிகளை உருவாக்க உதவிய நாட்களில், துஷாம்ப் கழித்துப்போட்ட சீட்டுகளையும் உறைகளையும்கூட அவர் பத்திரப்படுத்தினார். கார்னெலின் மறைவுக்குப் பின் வெளிவந்த அந்தத் 'துஷாம்ப் கோப்பு' இன்று ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விருப்பமான அச்சுப்படங்களை வெட்டிவிட மனமின்றி ஒளிநகல் எடுத்து, நகலையே பெட்டிக்குப் பயன்படுத்தும் பழக்கமும் அவருக்கு இருந்தது. இதனால் ஒரே முகம் பல பெட்டிகளில் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. சொஃபோனிஸ்பா அங்கிசோலா என்ற பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியப் பெண் ஓவியர் வரைந்த சிறுவனின் உருவம், 1942-இல் செய்த 'மெடிசி காசுப்பொறி' பெட்டியின் நடுவில் நிற்பது இவ்வாறு வந்ததே.

இந்தக் கோப்பு முறை எவ்வளவு தூரம் கொண்டுபோகக்கூடியது என்பதை நடிகை லாரன் பக்காலைப் பற்றிய பெட்டி காட்டும். 1944-இல் வெளிவந்த அவருடைய முதல் திரைப்படத்தைப் பார்த்த கார்னெல், விளம்பரப் படங்களையும் இதழ் நறுக்குகளையும் சேர்த்துக்கொண்டே போய், 1945–46-இல் நீலம் பூசிய ஒரு பெட்டியை உருவாக்கினார். அதன் நடுவில் நடிகையின் முகம்; மேலிருந்து விடப்படும் ஒரு மரப்பந்து கண்ணாடித் தடங்களின் வழியே பக்கம் மாறி மாறி உருண்டு அடிவரை வந்து சேரும். டைம்ஸ் சதுக்கத்துக் காசுப்பொறியின் இயக்கமும் திரைக்கொட்டகையின் நீல ஒளியும் ஒரு புனிதப்பேழையின் அமைப்பும் அதில் இணைந்திருக்கின்றன. சில்லறைப் பொருள்களால் ஆன அந்தப் பெட்டி 2014-ஆம் ஆண்டு நியூயார்க் ஏலத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று.

திரைப்படத்தையும் அவர் இதே முறையிலேயே அணுகினார். 1931-இல் வெளியான 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' என்ற சாதாரண சாகசப் படத்தின் பழைய 16 மி.மீ. பிரதி ஒன்று அவர் கைக்கு வந்தபோது, கதையை முழுவதும் உதறிவிட்டு, பெரும்பாலும் கதாநாயகி ரோஸ் ஹோபர்ட் தோன்றும் காட்சிகளையே வரிசை மாற்றி ஒட்டி, ஏறத்தாழ 19 நிமிடப் படமாக்கி, நீலக் கண்ணாடியின் வழியே மெதுவான வேகத்தில் திரையிட்டார். பின்னணி இசை ஒரு பழைய பிரேசில் இசைத்தட்டிலிருந்து எடுத்தது. 1936 டிசம்பரில் லெவியின் காட்சிக்கூடத்தில் இதைப் பார்த்த மிகையதார்த்தவாத ஓவியர் சால்வடோர் டாலி, தம் மனத்திலிருந்த எண்ணத்தையே கார்னெல் திருடிவிட்டதாகக் கூச்சலிட்டு, படம்காட்டும் கருவியைத் தள்ளிவிட்டார் என்பது கலையுலகில் பலமுறை சொல்லப்படும் செய்தி. அதற்குப் பிறகு தம் படங்களைப் பொதுவில் திரையிடக் கார்னெல் வெகுகாலம் தயங்கினார். பிறர் எடுத்த படச்சுருளை வெட்டி வேறொன்றாக்கும் திரைப்பட மரபு பின்னர் வலுப்பெற்றபோது, அதன் தொடக்கப் படைப்புகளில் ஒன்றாக 'ரோஸ் ஹோபர்ட்' இடம்பெற்றது.

பாரிஸின் தெருக்களையும் பிரெஞ்சு விடுதிகளையும் பெட்டிகளுக்குள் மீண்டும் மீண்டும் கட்டிய இந்த மனிதர் ஐரோப்பாவுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை என்பதைப் பலர் பரிதாபத்துக்குரியதாகச் சொல்கிறார்கள். கனடா தேசியக் காட்சிக்கூடத்திலுள்ள 'ஹோட்டல் ஈடன்' (1945) பெட்டியைக் கூர்ந்து பார்த்தால் இந்தப் பரிதாபம் இடம் மாறிவிட்டது என்பது தெரியும். ஒரு கிளி, ஒரு சுருள், பாதி கிழிந்த விடுதி விளம்பரம், சுண்ணாம்பு உதிர்ந்த வெள்ளைச் சுவர் ஆகியவற்றால் ஆன அந்த விடுதி எந்த ஊரிலும் இல்லாதது. பயணம் போய் வந்தவர் அங்கே கண்டதை வைத்திருப்பார், போகாதவரோ வழிகாட்டி நூலின் எழுத்துருவையும் விளம்பரத்தாளின் மஞ்சளையும் வைத்திருக்கிறார்.

வீட்டின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பகலில் துணி வடிவமைப்பு நிலையம் ஒன்றில் 1934 முதல் 1940 வரை வேலை பார்த்ததும், போர்க்காலத்தில் ஓர் ஆலையிலும் பின்னர் ஒரு செடிப்பண்ணையிலும் உழைத்ததும், இதழ்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்து பணம் ஈட்டியதும் குடும்பத்தின் செலவுக்காக. ராபர்ட்டைக் கவனிப்பதில் தாயும் மகனும் பங்கிட்டுக்கொண்ட உழைப்பு பெட்டிகள் எதிலும் தெரிவதில்லை. ராபர்ட் நேசித்த பொம்மை ரயில்களும் அவர் வரைந்த விலங்குப் படங்களும் இல்லாமல், விளையாட்டுப்பொருளின்மீது அண்ணனுக்கு இருந்த அந்த ஆழ்ந்த மரியாதையை விளக்குவதும் கடினம். ராபர்ட் 1965-இலும் தாய் 1966-இலும் இறந்தனர். தம்பியின் சித்திரங்களையும் தம்முடைய ஒட்டுச்சித்திரங்களையும் சேர்த்து 1966 ஜனவரியில் ஒரு நினைவுக் கண்காட்சியைக் கார்னெல் நடத்தினார். அதன் பிறகு வீடு முழுவதும் அவர் ஒருவருக்கே உரியதாயிற்று. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே புதிய பெட்டிகள் செய்வதைக் குறைத்துக்கொண்டு அவர் ஒட்டுச்சித்திரத்துக்குத் திரும்பியிருந்தார். இடம் கிடைத்தபோது பெட்டிகள் பெருகவில்லை. 1967-இல் குகென்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளின் பெருங்கண்காட்சியை நடத்திய காலத்திலும், விற்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை. வாங்க வந்தவரைத் தவிர்ப்பதும், தாம் போற்றிய நடிகைக்கோ நடனக் கலைஞருக்கோ அன்பளிப்பாக அனுப்புவதும், சிலவேளை கொடுத்ததைத் திரும்பக் கேட்பதும் அவர் இயல்பு.

இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1972 பிப்ரவரியில், மன்ஹாட்டனின் கூப்பர் யூனியன் கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. பெட்டிகளைக் குழந்தைகளின் கண்மட்டத்தில் தாழ்த்தி வைத்து, வந்தவர்களுக்கு இனிப்பு ரொட்டியும் செர்ரி சேர்த்த கோலா பானமும் வழங்கினார்கள். பார்வையாளர்களில் கார்னெல் மிகவும் நம்பியவர்கள் குழந்தைகளே.

அவர் விட்டுச்சென்ற சேகரிப்பின் பெரும்பகுதி, வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் 1978-இல் அமைக்கப்பட்ட கார்னெல் ஆய்வு மையத்துக்குச் சென்றது. அங்கே ஆய்வாளருக்கும் பராமரிப்பாளருக்கும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: ஓர் அட்டைப்பெட்டி நிறையச் சேர்த்த கிண்ணங்களும் வெட்டிய ஆந்தைகளும் மூலப்பொருளா, முடிவுறாத படைப்பா, அல்லது அந்த அடுக்கும் முறையே படைப்பா என்பதை அவர் எழுதிவைக்கவில்லை. முடிந்த பெட்டிகளின் நிலையோ வேறு. சாய்த்தால் மணல் வழிந்தோடவும், தட்டினால் வளையங்கள் அசையவும், பந்தை விட்டால் உருளவும் அவை செய்யப்பட்டன. கையில் எடுத்துப் பார்ப்பதற்கான அளவும் எடையும் அதற்காகவே. அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு விதிகளின்படி அவற்றை யாரும் தொடக் கூடாது என்பதால், ஒரு வீட்டுக்குள் பிறந்த இந்தப் படைப்புகளின் இயக்கம் பெரும்பாலும் விளக்கக்குறிப்பில் படித்து அறிய வேண்டியதாகவே இருக்கிறது.